சரிபார்ப்பு எண்

கன்டெய்னர் நம்பருக்கு
நாலு எழுத்து, ஏழு இலக்கம்.
கடைசி இலக்கம் சும்மா இல்லை.
முன்னால் எது தப்பினாலும்
அது காட்டிக்கொடுக்கும்,
கம்ப்யூட்டர் கத்தும்.

மாசத்தின் முதல் பத்து நாள்
என் கை தப்பாது.
எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசை
டோல்கேட் தாண்டி நின்றாலும்
பார்ப்பேன், அடிப்பேன், கேட் திறக்கும்.
"தேவகிருபை, நீ மெஷினும்மா"
என்பார் ஃபெலிக்ஸ் சார்.

பதினெட்டுக்கு மேல்
சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்க்கும் நாள்.
மணலிக் காற்றில் எந்நேரமும் கேஸ் நாற்றம்,
சிலிண்டரில்தான் இல்லை.

செவ்வாய்க்கிழமையும் வந்துவிடும்.
சம்பூரணம் வீட்டு வாசலில் குழு.
ஆளுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது.
ஒருத்தி கட்டாவிட்டால்
பத்துப் பேரும் எழுந்திருக்க முடியாது.
யாரும் திட்டமாட்டார்கள்.
"உலை வைக்கணும்" என்பாள் ஒருத்தி
என்னைப் பார்க்காமல்.
என் காதுமடல் சுடும்.

அன்று ராத்திரி
ரப்பரைத் தொலைத்துவிட்டு வந்த மகனை அடித்தேன்.
ஐந்து ரூபாய் ரப்பர்.
அவன் அழவில்லை.
நான் அடிக்கும் தேதி
அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

எங்களுக்குக் கவனப் பயிற்சி வைத்தார்கள்.
ஏசி அறை, இரண்டு சமோசா.
(ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.)
"கண்ணை மூடி மூச்சை எண்ணுங்கள்" என்றார் வந்தவர்.
எண்ணினேன்.
நூறில் எல்லோரும் கண் திறந்துவிட்டார்கள்.
நான் போய்க்கொண்டிருந்தேன்,
இன்னும் ஆயிரத்து நாற்பது பாக்கி.

தப்பு ஒன்றுக்கு நூறு ரூபாய் பிடித்தம்.
அப்படிப் பிடித்துப் பிடித்து
அடுத்த மாசத்துப் பதினெட்டு
பதினாறிலேயே வந்து நிற்கும்.

நேற்று ஒரு தூத்துக்குடி வண்டி.
இரண்டு நாள் வரிசையில் கிடந்த கண்
அந்த டிரைவருக்கு.
நம்பர் அடித்தேன், கத்தியது.
மறுபடி அடித்தேன், கத்தியது.
பின்னால் ஹாரன்.
அவர் ஜன்னலுக்குள் தலை நீட்டித்
திரையைப் பார்த்தார்.
"கடைசி நாலு 1146க்கா.
நீங்க 1140 போடுறீங்க."

ஆறைத் தேடி எடுத்து வைத்தேன்.
கேட் திறந்தது.
அவர் உடனே கிளம்பவில்லை.
"இன்னிக்கு என்ன தேதி?"
"இருபத்தாறு."
"ஓ" என்றார்,
என்னைப் பார்த்து இல்லை,
தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.
வண்டி நகர்ந்த இடத்தில்
அடுத்த நம்பர் வந்து நின்றது.