ஒரு பேட்ச்

ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாய்க்குள்ள பூந்து
கரடிவாவி வரைக்கும் வந்து
சாக்குப் படுதாவைப் பிச்சுக்கிட்டிருந்த ராத்திரி
நாலாயிரம் குஞ்சு இறக்கினோம்.

தெர்மாமீட்டரை நான் நம்பறதில்லை.
குஞ்சுகளைப் பார்த்தால் போதும்.
பல்புக்கடியில் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடந்தா குளிர்.
தகரத்தோரம் ஒதுங்கி வாயைப் பொளந்தா வெக்கை.
சாளை முழுக்க மாவு சலிச்சாப்பல பரவிக் கிடந்தா
சரி.
அந்தச் சரிக்காகத்தான் மூணு மணிக்கு எந்திரிச்சு
பல்பை ஒரு சாண் ஏத்தறதும்
ரெண்டு வெரக்கடை இறக்கறதும்.

அத்தனை சூட்டுக்கு நடுவில்
நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

சூப்பர்வைசர் குமரகுரு தராசோட வருவார்.
கிலோ கறிக்கு ஒண்ணே முக்கால் கிலோ தீவனம்,
தாண்டினால் கம்பெனி காசைப் பிடிக்கும்.
"இந்த லைன்லயே உங்க கணக்குத்தானுங்க்கா சுத்தம்."
என் கணக்கை எந்த நோட்டிலும் எழுத முடியாது:
காலையில் ஒரு உருண்டை ராயிக்களி,
பொழுதோட அரை வயித்துக்குக் கொள்ளு ரசம்,
ஏழு மாசத்தில் பதினொரு கிலோ.
"கோழித் தீவனத்தை நீயும் திங்கறயா?"ன்னாள் நாத்தனார்.
சிரிச்சு வெச்சேன்.
சீப்போட வந்த முடியைச் சுருட்டிச்
சன்னல் சந்தில் சொருகினேன்.

குஞ்சு இறக்கின மறுநாள்
பல்லடம் லேப் காயிதத்தில் பதினெட்டுன்னு இருந்தது.
"ஜாஸ்தியா இருக்குதுங்களே, அப்ப நல்லா வேலை செய்யுதுங்களா?"
டாக்டரம்மா பேனாவை மூடினாங்க.
இது வேலை செய்யறவன் எண் இல்லீங்க,
வேலை வாங்கறவன் கூப்பாடு.
மூளைக்கடியில் பட்டாணித் தண்டி ஒண்ணு,
கழுத்தில் இருக்கறவன் சுரக்கலைன்னு
ராவும் பகலும் சத்தம் போட்டுக்கிட்டே கிடக்குது.
அவன் எந்திரிச்சாத்தான் இது வாயை மூடும்.
ஏறின எடையும் பூராக் கொழுப்பில்லை,
பாதி உப்பும் தண்ணியும்.

அன்னைக்குத் தூக்கம் பிடிக்கலை.
எனக்குள்ளயும் ஒருத்தி
மூணு மணிக்கு எந்திரிச்சு
இருட்டில் பல்பைத் தடவிக்கிட்டிருக்கறாள்.
கரண்ட் வரலை, பாவம்.
பதினெட்டுத் தடவை கூப்பிட்டிருக்கறாள்.
நான்தான்
சோம்பேறி முண்டைன்னு என்னையே வெஞ்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்.

மாத்திரையில் மருந்துன்னு இருக்கறது
பொடியுப்பில் ஒரு மணி அளவாம், மீதி மாவு.
அந்த ஒரு மணி
எழுபத்தி நாலு கிலோவை நகத்தணும்.
வெறும் வயித்தில், தண்ணியில்.
அரை மணி நேரத்துக்குக் காப்பி கூடாது.
ஆறு வாரம் கழிச்சு வாங்கன்னாங்க.
"ஒரு பேட்ச்"னேன்.
அவங்களுக்குப் புரியலை.

நாப்பத்தியோராம் நாள் ராத்திரி லாரி வந்தது.
பசங்க கைக்கு அஞ்சாகக் காலைப் பிடிச்சுத் தூக்கினாங்க.
சராசரி ரெண்டு கிலோ நூறு.
விடியறப்ப சாளை காலி,
தேங்காய் மஞ்சு வாசம் மட்டும்.

மறுபடி ரத்தம் குடுத்தேன். ஏழு.
கூப்பாடு குறைஞ்சிருக்குது, நிக்கலை.
ஐம்பது எழுபத்தஞ்சாச்சு.
முக்காக் கிலோ குறைஞ்சிருந்தேன்,
நாத்தனார் கண்ணுக்கு அது தட்டுப்படாது.

புரட்டாசிக் கடைசியில் அடுத்த இறக்கம்.
மழை பேஞ்சு விட்ட மூணு மணி.
குஞ்சுகள் பரவிக் கிடந்ததுங்க.
எதுக்கோ கழுத்தைத் தொட்டேன்,
ஈரம்.
ஸ்வெட்டரை எப்பக் கழட்டினேன்னு தெரியலை,
தீவன மூட்டை மேல கிடந்தது.
பல்பை விட்டு
நாலடி தள்ளி நின்னுக்கிட்டிருந்தேன்.