ஆழம் எழுதும் கட்டம்

போமன்வில், டார்லிங்டன் துறை, ஓகஸ்ட்.
சிமெந்து ஆலை விளக்குகள் இன்னும் அணையவில்லை.
நூற்று நாற்பது அடித் தண்ணீரின் மேல்
மணிக்கு இரண்டேகால் மைல்.
கரையில் நாயோடு நடக்கிறவன்
எங்களை முந்திப் போகிறான்.

சாந்தி பத்து இறாத்தல் ஈயக்குண்டை இறக்குகிறாள்.
டவுன்ரிக்கரின் கம்பி முனகுகிறது.
எண்பதில் ஒரு கவ்வி. அதில் பச்சைக் கரண்டி,
டார்ச் வெளிச்சம் குடித்து மினுங்குவது.
அதே கம்பியில் இருபதடி மேலே
இன்னொரு கவ்வி, நீலமும் வெள்ளியும்.
வலப்பக்கம் எழுபது, ஐம்பது.
ஆளுக்கு இரண்டு நூல்தான் கணக்கு.
போன வருடம் ஆறு விட்டோம்.

கீழே குளிர்நீரும் இளஞ்சூட்டு நீரும்
சண்டைக்குப் பிறகு ஒரே கட்டிலில் படுத்தவர்கள் மாதிரி
தொடாமல் கிடக்கின்றன.
அந்த இடைவெளியில்தான் சால்மன் உலாவும்.

தடிகள் நான்கும் குனிந்து நிற்கின்றன.
முதல்முறை வருகிறவர்கள் இதைக் கண்டு
மீன், மீன் என்று கூவுவார்கள்.
இல்லை, அது வெறும் இழுவிசை.
மீன் அடித்தால் தடி முதலில் நிமிரும்.
கவ்வி விட்ட அந்தக் கணத்தில்
எல்லாம் கைவிட்டுப் போனதுபோலத்தான் இருக்கும்.

திரையில் எங்கள் குண்டுகள் இரண்டு நேர்கோடுகள்.
ஒரு வளைவு அடியிலிருந்து எழும்பி வருகிறது,
பச்சையைப் பார்க்கிறது, நீலத்தைப் பார்க்கிறது,
வீடு பார்க்க வந்து
விலை கேட்காமலே போகிறவரைப்போல்
இறங்கிப் போய்விடுகிறது.

எமில் இருந்தால் அதைத் திட்டியிருப்பான்.
படகில் மூன்றில் ஒரு பங்கு
இன்னும் அவன் பேரில்தான்.
அந்த ஞாயிறு, ஆறு நூலும் தண்ணீருக்குள்,
படகு சட்டென்று இடப்பக்கம் திரும்பியது.
உள்பக்கத்துக் கரண்டிகள் சோர்ந்து தாழ,
வெளிப்பக்கத்தவை விரைந்து மேலேற,
ஆறும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன.
ஒரு மணிநேரம் கத்தியோடு இருந்தோம்.
கம்பி ஒன்றையும் அறுத்தோம்.
அந்தக் குண்டு இப்போதும் எங்களுக்குக் கீழே எங்கோ.

"நீ ஒழுங்காய் அடுக்கியிருக்கோணும்" என்றேன்.
அவன் தன் தண்ணீர்ப் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு
கரையில் இறங்கிப் போனான்.

சுக்கான் என் கையில் இருந்தது.

இன்று பெட்டியைக் கிளறிய சாந்தி
அவனுடைய செம்மஞ்சள் கரண்டியை எடுத்தாள்.
குறடு கடித்த தழும்பு உள்ளது.
என்னைக் கேட்கவில்லை.
ஆறடி நூலில் கட்டி, பச்சையின் நூலிலேயே கொளுவி,
தண்ணீருக்குள் தள்ளிவிட்டாள்.
அதற்குக் கவ்வி கிடையாது.
தானாக வழுக்கிப் போய்
நூலின் வயிறு எங்கே தொய்கிறதோ அங்கே நிற்கும்.
எத்தனை அடியில் என்று
எந்த எண்மானியும் சொல்லாது.

ஆறு நாற்பதுக்கு இடப்பக்கத் தடி நிமிர்ந்தது.
பிறகு, ஐயோ, அது வளைந்த வளைவு.
ரீல் கத்தக் கத்த நூல் ஓடியது,
இருநூறு அடி, முந்நூறு.
சாந்தி மற்றக் கம்பியை ஏற்றினாள்,
வலையை எடுத்தாள், என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.
இருபது நிமிடத்தில் முதலில் மேலே வந்தது
யாரும் தீண்டாத பச்சைக் கரண்டி.
அதற்குப் பின்னால் கறுத்த முதுகு,
தாடை ஓரத்தில் செம்மஞ்சள்.

பத்தொன்பது இறாத்தல்.
படம் எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை.

மீன்வாடைக் கையோடு சாந்தி கொப்பியை விரித்தாள்.
நேரம், வேகம், நிறம் எல்லாம் எழுதினாள்.
ஆழம் எழுதும் கட்டத்தில் பேனை நின்றது.
"என்னத்தைப் போட?"
"எமில் எண்டு போடு."
அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள், போட்டாள்.

திரும்பவும் குண்டு, திரும்பவும் எண்பது.
துறைப் பக்கம் போக இடமாகத் திரும்பவேண்டும்.
சுக்கானைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தேன்.
நூல்கள் விலகியே வந்தன.
அகலமாக, இன்னும் அகலமாக,
பாதி ஏரி செலவானாலும் பரவாயில்லை என்று
திருப்பினேன்.