ஆறு மணிச் சங்கு

எவுலாலியா பெருத்திக்குப் பக்கத்தில்
பதினேழு வருடம் உட்கார்ந்து
தாள் புரட்டியவன் நான்.
புரட்டு என்று அவள் தலையசைப்பது
எனக்கு மட்டும்தான் தெரியும்,
மேலே உட்கார்ந்த ஈயை விரட்டுவதுபோல் இருக்கும்.

முதலில் ஊமைப்படக் கொட்டகை.
அது எனக்கு முந்தைய காலம்,
அவள் சொல்லக் கேட்டது.
குதிரை ஓடினால் விரல்கள் ஓட வேண்டும்
முத்தமென்றால் மெல்ல.
உருகுவே ஆற்றங்கரையில் இறைச்சி ஆலை.
காற்று திரும்பினால் கொட்டகை முழுக்க
எலும்பு வேகும் வாடை.
மாலை ஆறுக்குச் சங்கு ஊதும்,
திரையில் யார் செத்துக்கொண்டிருந்தாலும்.
திட்டித் தீர்த்து அலுத்த ஒருநாள்
அந்த ஒலியைப் பியானோவில் தேடினாள்.
கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவே
எந்தக் கட்டையும் இல்லாத இடத்தில் இருந்தது.
அன்றிரவு எழுதியதுதான் முதல் உருப்படி.

அதன்பின் எழுதிய எல்லாவற்றிலும்
எங்காவது ஒரு வெற்றுக் கட்டம்.
மேலே பென்சிலில்: சங்கு.

கல்யாணம் ஆனது, ஒரு படகோட்டியோடு.
பராகுவே போனவன் திரும்பவில்லை.
அதற்கு உருப்படி கிடையாது.
கேட்டதற்கு,
"நடப்பதற்கெல்லாம் இசை போட
இப்போதும் கொட்டகையிலா இருக்கிறேன்?"

மொந்தெவிதேயோவில் பெரிய அரங்கு.
வெற்றுக் கட்டம் வந்ததும்
மடியில் கைவைத்துக் காத்திருந்தாள்.
மௌனத்தின் ஆழம் என்று
மறுநாள் பத்திரிகை எழுதியது.
ரயிலில் அதை விரித்து
ரொட்டியும் சீஸும் தின்றோம்.
"அந்த ஊரில் ஆலை இல்லாததற்கு
நான் என்ன செய்ய?" என்றாள்,
துணுக்குகளைத் தட்டிவிட்டு.

பிறகு ஆலைக்கே சங்கு ஊதினார்கள்.
அவளுக்கு எழுபத்தொன்று,
வலக்கையில் இரண்டு விரல் மடங்காது.
தொழிற்சங்கக் கூடத்தில் கச்சேரி
மடக்கு நாற்காலிகள்
பாதிப்பேர் கடன் வாங்கிய கோட்டில்.
கட்டம் வந்தது.
அவள் கை மடிக்குப் போனது.
மணி ஆறும் இல்லை, எட்டரை.

மூன்றாம் வரிசையில் தெல்மீரா,
முப்பது வருடம் டப்பாக்களுக்கு
லேபிள் ஒட்டியவள்,
வாய் திறக்காமல் அந்த ஒலியை முனகினாள்.
பின்னாலிருந்து கொதிகலன்காரர்கள்.
அப்புறம் யார் யாரென்று தெரியவில்லை,
என் தொண்டையும் அதிர்ந்துகொண்டிருந்தது.

எவுலாலியா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.
"உசத்திப் பிடிக்கிறீர்கள்.
இன்னும் கொஞ்சம் கீழே."

இறங்கினார்கள்.
இறங்கி, அந்தக் கட்டையில்லாத இடத்தில்
நின்றார்கள்.

ஈ விரட்டினாள் போலிருக்கிறது.
அந்த ஒருமுறைதான்
தாள் புரட்ட மறந்தேன்.