ஊதா மூடிக் குழாய்

டோக்கன் நாற்பத்தொன்று என்றதும்
வந்து உட்கார்ந்தாய்.
அஸ்தம்பட்டி லேபில் காலை ஏழரைக்கு
நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை,
முழங்கை மடிப்பைத்தான்.
குழாயில் ஒட்ட ஸ்டிக்கரை உரித்தபோது படித்தேன்:
தீபலட்சுமி, வயது முப்பத்தொன்று, பெண்.

எட்டாம் வகுப்பில்
உன் கட்டிலுக்கு இரண்டு கட்டில் தள்ளி என் கட்டில்.
ஏற்காட்டு மார்கழியில் விடுதி ஜன்னல்
உள்பக்கமும் வியர்க்கும்.
மலையாளின்னா கேரளாவா என்று கேட்டாய்.
இல்லை, இதே மலை,
வெள்ளக்கடைக்கும் அந்தப் பக்கம் என்றேன்.
அப்போ நீங்க காட்டுல இருக்கிறவங்களா?
கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை நீ.
மறுநாள் விடுதி முழுக்க எனக்குக் காட்டுக்காரி என்று பேர்,
அது வேறு.

டூருக்கு நீ வைத்திருந்த இருநூறு ரூபாய்
ஒரு புதன்கிழமை காணோம்.
வார்டன் யாரையும் கேட்கவில்லை.
நாற்பது டிரங்குப் பெட்டியில் என்னுடையதை மட்டும்
தலைகீழாகக் கவிழ்த்தார்.
பாவாடை இரண்டு. காய்ந்த ஆரஞ்சுத் தோல்.
அந்த மாதம்தான் முதன்முதலாகத் தேவைப்பட்டு
நான் மடித்து மடித்து ஒளித்திருந்த
பழந்துணி.
எல்லோரும் சிரித்தார்கள்.
நீ சிரிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.
நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அம்மா வந்தாள்,
மிளகு பறித்த மூன்று நாள் கூலியோடு.
மேசையில் வைத்தாள், எண்ணிப் பாருங்க என்றாள்,
என் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டாள்.
நீ எடுத்தியா என்று கேட்டிருந்தால்
இல்லை என்றாவது சொல்லியிருப்பேன்.
மழையில் ஒன்பது மைல்,
வீடு வரைக்கும் கேட்கவில்லை.

ரப்பர் பட்டையை இறுக்கினேன்.
உன் நரம்பு ஒளிந்துகொண்டது.
எல்லா ரத்தமும் ஒரே நிறம் என்று
எங்கள் சுவரில் போஸ்டர் ஒன்று உண்டு.
பொய். தினம் அறுபது பேருக்கு எடுக்கிறேன்.
சிலருடையது கறுத்து வரும், சிலருடையது வெளிறி.
உன்னுடையது வெளிறியிருந்தது.

செம்பாயிதானே, என்றாய்.
பணம் அந்த ஞாயிறே கிடைச்சிருச்சு.
ஜியாமெட்ரி பாக்ஸ்ல, அடிக்காகிதத்துக்குக் கீழ.
சொல்ல பயமா இருந்துச்சு.

ஊசி உள்ளே இருக்கும்போது சொன்னாய்,
நான் அசையக் கூடாத
அந்த இருபது நொடியில்.

கை நடுங்கவில்லை.
மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே,
ஒன்பது வருடப் பழக்கம்.
ஊதா மூடிக் குழாயை எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்தினேன்.
பஞ்சை அழுத்திப் பிடிங்க,
கையை மடக்காதீங்க என்றேன்.
நாற்பத்திரண்டு என்று கூப்பிட்டேன்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன்.
மலையில் மழை, சிக்னல் வந்து வந்து போனது.
நடந்ததைச் சொன்னேன். பிறகு,
பதினெட்டு வருடமாக வாய்க்குள் கிடந்ததையும்:
நீ ஏம்மா அன்னிக்கு என்னைக் கேக்கலை?

தகரத்தில் மழை விழும் சத்தம் கொஞ்ச நேரம்.
கேட்டா,
நீ எடுத்திருப்பியோன்னு
நான் நெனச்ச மாதிரி ஆயிருமே.

லைன் போயிற்றோ என்று பார்த்தேன்.
போகவில்லை.
அந்தப் பொண்ணுக்கு ஒடம்புக்கு என்னவாம்? என்றாள்.
சுள்ளென்று கோபம் வந்தது எனக்கு.
வந்த கோபம் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல்
தொண்டையிலேயே நின்றது.

அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாதும்மா, என்றேன்.