சத்தம் வரும் நேரம்

எஸ்பியர் துறைமுகத்தில், ஹீட்டர் முனகும் அறையில்
காற்றாலை உச்சிக்கு ஏறுகிறார்கள்,
கால் தரையை விட்டு எழாமலே.

கொக்கி மாட்ட மறந்தால்
திரை சிவக்கும், சங்கு அலறும்:
"நீங்கள் இறந்துவிட்டீர்கள். மதிப்பெண் நாற்பது."
அப்படித்தான் முதலில் அமைத்திருந்தேன்.
பையன்கள் சிரித்தார்கள்.
வேண்டுமென்றே குதித்தான் ஒருவன், இரண்டு முறை.

தோர்கில் மட்டும் ஹெட்செட்டைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டார்.
"சங்கெல்லாம் ஊதாது, மரேன்.
யெப்பே விழுந்தபோது காற்றுதான் இருந்தது.
ஸ்பேனர் கீழே மோதிய சத்தம்
அப்புறம் வந்தது.
ரொம்ப அப்புறம்."

அன்றிரவு சிவப்பை அழித்தேன். எண்ணை அழித்தேன்.
கொக்கி மறந்தவன் இப்போது விழுவதில்லை;
இடுப்புப் பட்டை ஒரு நொடி தளர்கிறது,
ஸ்பேனர் மட்டும் நழுவுகிறது.

ஐந்து நொடி கழித்துத்தான் சத்தம்.
அதற்குள் கை தானாக இடுப்பைத் தொடுகிறது.

போதுமா என்று தோர்கிலைக் கேட்டேன்.
அவர் இன்னும்
கேட்டுக்கொண்டிருந்தார்.