முன்பணம்

கீபோர்டுக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கத்தான் போனேன்.
அக்கா மகன் கேட்டிருந்தான்.
காக்காத்தோப்புத் தெரு, மாடியில் ஞானதிரவியத்தின் கடை.
ஆர்மோனியங்களைத் தாண்டி, சுருட்டிய ஒயர்களைத் தாண்டி
பின்சுவரில் ஒரு கண்ணாடி பீரோ.
உள்ளே அது.

வெயில் எட்டாத மூலையிலும் விலைச்சீட்டு
மஞ்சள் பூத்திருந்தது:
ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம்.
"அது இருக்கட்டும்மா" என்றார்,
அடுப்புப் பக்கம் தவழும் பிள்ளையைத்
தள்ளி உட்காரவைப்பவர்போல.

மேலூர்ப் பக்கத்துக் குவாரிக்காரர் மகன்
வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சொல்லி
இருபதாயிரம் முன்பணம் கட்டினானாம்.
பெட்டி வந்து இறங்கிய வாரம்
குவாரிக்குப் பூட்டு.
பையனின் செல் நம்பரும் அதோடு அணைந்தது.
பதிமூன்று வருஷம்.

கிடாரின் காலடியில் ஒரு சோப்பு டப்பா,
மூடியில் கோணியூசியைச் சுடவைத்துக் குத்திய ஓட்டைகள்.
"உள்ளே ஸ்பான்ஞ்சு. நம்ம வெயிலுக்கு மரம் வெடிச்சிரும்.
செவ்வாயும் சனியும் நனைச்சு வைப்பேன்."
எட்டு நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வந்த
அந்தக் கோடையிலுமா?
கேட்கவில்லை.
டப்பாவைத் தொட்டேன், விரல் ஈரமானது.

எனக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலை.
மூச்சை இழுங்க, பிடிங்க, ம், விடுங்க.
ஒரு நாளைக்கு அறுபது தடவை.
செல்போன் வெளிச்சத்தை அதன் வட்ட வாய்க்குள் விட்டேன்.
விலா எலும்புகள்!
நடுவில் திரண்டு, ஓரம் போகப்போக
இழைத்து இழைத்து மெலிந்தவை.
விரிசல் இல்லை.
நிழல் எதுவும் இல்லை.

முதுகு ஈட்டி மரம்.
"நம்ம பக்கத்து மலையில வெட்டினதாக்கூட இருக்கும்.
கட்டையாப் போயி இப்படி வந்திருக்கு."
வாசிக்கத் தெரியுமா என்றார்.
படிக்கிற காலத்தில் ஹாஸ்டலில்
கோட்டயத்துக்காரி ஒருத்தி நாலு கார்டு சொல்லித் தந்தாள்.
ஐந்தாவதற்கு என் சுண்டுவிரல் எட்டவில்லை.
"நாலு தெரியும்" என்றேன்.
சிரிப்பார் என்று பார்த்தேன்,
பீரோ சாவியை எடுத்தார்.

மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.
நாலாவது வாரம் தெற்காவணி மூல வீதியில்
இரண்டு வளையல்களைத் தராசில் வைத்துவிட்டு
நேரே மாடியேறினேன்.
பில்லுக்குப் பெயர் கேட்டார்.
பவுனுத்தாய் என்று சொல்லும்போது
எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.
அவருக்குக் காரணம் தெரியாது.

இன்றைக்கு இதே கிடார் மூன்று லட்சமாம்.
சீட்டில் இருப்பதே போதும் என்றார்.
நான்தான் சும்மா இராமல்
அந்த இருபதாயிரத்தைக் கழிக்கலாமே,
அதான் அப்பவே வந்துவிட்டதே என்றேன்.
மேசை டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினார்.
ஆயிரம் ரூபாய் நோட்டுகள், இருபது.
செல்லாதவை.
"ஐயோ, அந்த நவம்பர்லயே மாத்தியிருக்கலாமே!"
"என் பணம் இல்லையேம்மா."
வைத்திருப்பதே தப்பு என்றேன்.
தெரியும் என்று மறுபடி உள்ளே வைத்தார்.
பிறகு நான் பைசா குறைக்காமல் எண்ணிக் கொடுத்தேன்.

வில்லாபுரம் ஷேர் ஆட்டோவில்
பெட்டியை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தேன்.
"என்னக்கா, தையல் மிஷினா?"
ஆமாம் என்று சொல்லிவைத்தேன், எதற்கு வம்பு.
ஸ்டாண்டு ஞாபகம் அவனியாபுரம் திருப்பத்தில்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு போன்.
"நனைச்சாச்சா?"
"நனைச்சாச்சு."
அப்புறம் அவர் வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை.
மூச்சை இழுத்துப் பிடித்திருப்பது கேட்டது,
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
விடுங்க என்று நான் சொல்லவில்லை.
போனை ஜன்னல் கம்பியில் சாய்த்துவிட்டு
சுண்டுவிரலை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்
நீட்டிக்கொண்டிருந்தேன்.