சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

நாய்க்குப் பிஸ்கட் என்று பெயர் வைத்தது நீங்கள்தான்.
இப்போது அதற்குப் பிஸ்கட் ஆகாது.

டோங்காட்டில் காற்று திரும்பும் நாளில்
ஆலைப் பக்கமிருந்து பாகு தீய்ந்த வாடை வரும்.
மூச்சு விட்டாலே அளவு ஏறிவிடும் என்று சிரிப்பீர்கள்.
வலக்காலில் ஐந்து விரலும் இருந்த காலத்துச் சிரிப்பு அது.

ஃபிரிட்ஜில் வெண்ணெய் வைக்கும் தட்டில் இரண்டு குப்பி.
ஒன்றில் பூபாலன் முன்சாமி என்று எழுதியிருக்கிறது,
மற்றதில் பிஸ்கட் முன்சாமி.
உங்கள் ஊசிக்கு ஆரஞ்சு மூடி, அதற்குச் சிவப்பு.
"கோடுகள் ஒன்றுபோலத் தெரியும், கணக்கு வேறு,
மாற்றிவிடாதீர்கள்" என்றாள்
மிருக வைத்தியசாலையில் அந்தச் சின்னப் பெண், டாக்டர் சோண்டி.
நாற்பது வருடம் தையல் ஆலையில்
கால் அங்குலம் பிசகாமல் காலர் தைத்தவள் நான்.
என்னிடமா?

உங்களுக்கு வந்து பதினேழு வருடம்.
கிளினிக்கில் கொடுத்த உணவுத் தாளால்
கார்க் கண்ணாடி துடைத்தீர்கள்.
கல்யாணம், கருமாதி, சனிக்கிழமை ரக்பி,
எதற்குப் போனாலும் இரண்டாம் தட்டு.
கண்டென்ஸ்டு மில்க் டப்பாவை
கராஜில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கண்டேன்,
கரண்டியோடு.

பிஸ்கட்டுக்கு வந்த அன்றே போய்த் தராசு வாங்கினீர்கள்.
கோழி நூற்றிருபது கிராம், தோல் இல்லாமல்.
பச்சை பீன்ஸ், உப்பு இல்லாமல்.
காலை ஆறு, மாலை ஆறு.
ஐந்து நிமிஷம் தப்பினால் என்மேல் பாய்ச்சல்.
எனக்கு எரிந்தது, சொன்னால் என்ன.
பதினேழு வருடம் நான் சொல்லி உறைக்காதது
ஒரு வால் ஆடினால் உறைக்கிறது.

ஆனால் பீன்ஸ் மிஞ்சும்.
மிஞ்சியதை நின்றபடியே தின்றீர்கள்,
மிளகாய்த் தூள் தூவி.
நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
உங்கள் சோற்றில் அரை அகப்பை குறைத்தேன்.
நீங்களும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலையில் ஒரு மின்வெட்டு.
இருட்டில் ஆறு மணிக்கு நான் போட்டேன்.
ஆறரைக்கு நீங்கள் போட்டீர்கள்.
சரியான ஊசி, சரியான மூடி.
இரண்டு பேரும் ஒழுங்கானவர்கள், அதுதான் வினை.

ஒன்பது மணிக்கு அது சுவரில் முட்டியது.
கண்ணில் வெள்ளை படர்ந்த நாய், முட்டுவது வழக்கம்தான்.
பிறகு கால்கள் பின்னின.
பிறகு நடுக்கம், நிற்காத நடுக்கம்.
போனில் சோண்டி: "சீனிப்பாகு இருக்கிறதா?
ஈறில் தேயுங்கள். வாயில் ஊற்ற வேண்டாம்.
தேய்த்துக்கொண்டே கொண்டு வாருங்கள்."

எங்கள் வீட்டில் சீனி வாசமே கிடையாது என்று
கோவிலில் பெருமை பேசியவள் நான்.
அலமாரியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
நீங்கள் ஒன்றும் பேசாமல்
நொண்டி நொண்டிக் கராஜுக்குப் போனீர்கள்.
வரும்போது கையில் தங்கப்பாகு டப்பா,
பாதி காலி.

நான் ஓட்டினேன்.
சந்தி விளக்கெல்லாம் செத்துக் கிடந்தது,
இரண்டு பக்கமும் கரும்பு, கரும்பு, கரும்பு.
பின்சீட்டில் உங்கள் விரலும் அதன் ஈறும்.
"பிஸ்கட், டேய் பிஸ்கட்", வேறு சொல்லே இல்லை.
வைத்தியசாலை வாசலில் அது உங்கள் விரலை நக்கியது.
மிச்சத்தை நீங்கள் நக்கினீர்கள்.
கண்ணாடியில் நான் பார்த்தேன்.
கண்ணாடியில் நீங்களும் என்னைப் பார்த்தீர்கள்.

இப்போது ஃபிரிட்ஜ் கதவில்
இறைச்சிக் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி.
ஊசி போட்டவர் கோடு கிழிக்க வேண்டும்.
அதற்குச் சிவப்புப் பேனா.
ஆரஞ்சு கிடைக்கவில்லை, உங்களுக்கு நீலம்.
இன்று காலை அது ஒன்பது புள்ளி இரண்டு.
நீங்கள் பதினொன்று புள்ளி நான்கு.

தங்கப்பாகு டப்பா என் தையல் பெட்டியில் இருக்கிறது.
பூட்டவில்லை.
உள்ளே பாகு நிற்கும் மட்டம் பார்த்து
வெளியே சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்,
கால் அங்குலம் பிசகாமல்.